கையை இழுக்காதவள்

வளையல்காரம்மா எங்கள் தெருவுக்குள் நுழையும்போது வெயில் பாதித் தெருவைப் பிடித்திருக்கும். விடியலில் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்த பாவு நூல்களை அதற்குள் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோயிருப்பார்கள். சொட்டிய கஞ்சி நடுத்தெருவில் நீளக் கோடாகக் காய்ந்துகொண்டிருக்கும். அவள் அந்தக் கோட்டின் மேலேயே, தூக்கத்தில் நடப்பவள்போல வருவாள். தோளில் மலாரம் தொங்கும். கயிற்றில் கொத்துக் கொத்தாகக் கோத்த கண்ணாடி வளையல்களுக்கு அப்படி ஒரு பெயர். அது அவள் நடைக்குச் சற்றுப் பின்தங்கியே ஒலிக்கும். முதலில் அவள் போவாள், பிறகு அவள் சத்தம் போகும்.

பாதி நாள் வேறு யார் வீட்டு வாசலிலோ நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவாள். பேச்சின் நடுவில் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்கிவிட்டாள் என்று நாம் எழுந்தால், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். நாய் என்றால் பயம். பால் மறக்காத குட்டியாக இருந்தாலும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். மனிதர்களிடம் மட்டும் அவள் பின்வாங்கி நான் பார்த்ததில்லை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எங்களோடு பேசும் தமிழில் அது அங்கங்கே கலந்து வரும். பெண்ணே என்ற பொருளில் என்னை 'அம்மாயி' என்பாள். 'சும்மா' என்று நாம் சொல்லும் இடத்தில் 'ஊரிகே' என்பாள். "ஊரிகே யாரும் அழமாட்டாங்க." "ஊரிகே யாரும் அடிக்கமாட்டாங்க." எந்த வீட்டில் எந்த ரகளையைக் கேட்டாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: "அதுக்கு முந்தி இன்னா ஆச்சு?"

நான் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வளையல் போட உட்கார்த்தினார்கள். என் கை கட்டைபோல விறைத்துக்கொண்டது. நான்கு வளையல் உடைந்தது. பட்டிக்காட்டுக் கை, உலக்கை பிடித்த கை என்று பெண்கள் சிரித்தார்கள். இழுத்துவிடாமல் இருக்க இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வளையல்காரம்மா கண்ணை மூடியபடியே என் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த இருவரிடமும், "நீங்க விடுங்கமா" என்றாள்.

"விட்டா எழுந்து ஓடிடுவா."

"ஓடட்டும். நான் இங்கதானே உக்காந்துக்கினு இருக்கேன்."

விட்டார்கள். நான் ஓடவில்லை. சற்று நேரத்தில் என் கை எனக்கே தெரியாமல் தளர்ந்துவிட்டது. வளையல் ஏறியதை நான் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் வீட்டுக்காரர் தறியில் இருப்பார். மாமனார் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. அத்தை வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான்காவது பச்சையம்மா, என் வீட்டுக்காரருக்குத் தங்கை. நான் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. குழந்தையில் வந்த காய்ச்சலோடு பேச்சு வராமலே நின்றுவிட்டது. ஒரு காது கொஞ்சம் கேட்கும் என்பார்கள். கண்கள் பெரியவை. மழைக்கு முன்னால் வானத்தைப் பார்ப்பதுபோல எதையும் பார்ப்பாள்.

பச்சை கடிப்பாள். அத்தையின் இரண்டு முன்கைகளிலும் பல் தடங்கள் இருந்தன. வெளியே போகும்போது முந்தானையால் மூடிக்கொள்வாள். சில நாட்களில் பச்சை தன் தலையையே முஷ்டியால் குத்திக்கொள்வாள். அமாவாசை வந்தால் ஏறுகிறது என்று தெருவில் சொன்னார்கள். அமாவாசை இல்லாத நாளிலும் ஏறியது. அப்போது வேறு காரணம் சொன்னார்கள்.

அவள் வளையல்காரம்மாவைக் கடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பொங்கல் வளையல் எடுத்துக்கொண்டிருந்தோம். பச்சை வந்து உட்கார்ந்து பச்சை நிற வளையல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். வளையல்காரம்மா அளவு பார்க்க அவள் கையைப் பிடித்தாள். பச்சையின் உள்ளங்கை அவள் கையை மெல்லத் தள்ளியது. வளையல்காரம்மா விடவில்லை. அடுத்த நொடி பச்சையின் பல் அவளுடைய கட்டைவிரலின் அடியில் இறங்கியிருந்தது.

அத்தை ஓடிவந்தாள். நான் பச்சையின் தோளைப் பிடிக்கப் போனேன். வளையல்காரம்மா மற்றக் கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள். கையை இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பச்சையின் பக்கமாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரம் மட்டும் துடித்தது. தறிச் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பச்சையின் தாடை தானாகத் தளர்ந்தது. அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ரத்தத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே வளையல்காரம்மா சொன்னாள்: "என் தப்புதான். கடிக்கறதுக்கு முந்தி இவ கை சொல்லிச்சு. நான் கேக்கல. அப்புறந்தான் பல்லு சொல்லிச்சு."

"பேய்க்குக் கை ஏது, பல்லு ஏது?" என்றாள் அத்தை.

"பேயோ என்னமோ எனக்குத் தெரியாதுமா. காலையிலேர்ந்து வீட்டுல இன்னா நடந்துச்சு, அதச் சொல்லு."

 சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் அத்தை நினைத்தாள், நானும் நினைத்தேன்.

அடுத்த மாதமே அந்தப் பெரிய காரியம் நடந்தது. முதலாளி வீட்டிலிருந்து வந்த கல்யாணப் புடவைப் பாவு தறியில் ஏறியிருந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் பார்த்துப் பச்சை தறிக்குப் போய், பாவின் குறுக்கே பல்லால் கடித்து இழைகளை அறுத்துவிட்டாள். ஒரு சாண் அகலத்துக்குப் பட்டிழைகள் தொங்கின. என் வீட்டுக்காரர் அவளை அடிக்கவில்லை. தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அத்தைதான் அடித்தாள்.

வடக்கே ஒரு கோவிலில் இப்படிப்பட்டவர்களைத் தூணில் கட்டி வைப்பார்கள். தெளிந்தால் அழைத்து வரலாம், தெளியாவிட்டால் அங்கேயே இருக்க வேண்டியதுதான். ஆடி பிறந்ததும் கொண்டுபோய் விடுவது என்று பேசி முடித்தார்கள். அந்த இடத்தை ஒருமுறை வண்டியில் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். மழை பெய்துகொண்டிருந்தது. தூணில் இருந்தவர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள்.

வளையல்காரம்மா வந்தபோது அவளிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஆடிக்கு இன்னும் நாலஞ்சு மாசம் இருக்குது அம்மாயி. எப்பெப்போ கடிக்குதுன்னு பாத்துக்கினு வா. எதையும் மாத்த வேணாம். பாத்தா போதும்."

எனக்கு எழுதத் தெரியாது. கழிவுப் பட்டு இழையில் நாளைக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். பச்சை கடித்த நாளில், அல்லது தலையைக் குத்திக்கொண்ட நாளில், முடிச்சுக்குள் சிவப்பு இழை ஒன்றைச் சேர்த்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் அது தொங்கியது. ஒரு மாதம் கழித்து வளையல்காரம்மாவின் மடியில் அதை விரித்தேன். அவள் விரலால் தடவிக்கொண்டே போனாள். சிவப்பிலிருந்து சிவப்புக்கு நான்காவது முடிச்சு. பிறகு மூன்றாவது. மறுபடி நான்கு. மறுபடி மூன்று.

"செவ்வாய், வெள்ளி" என்றேன் நான்.

"செவ்வாய், வெள்ளியில இன்னா?"

"தலை முழுகற நாள். அத்தைதான் அவளுக்கு எண்ணெய் வெச்சு ஊத்துவாங்க."

"வேற?"

"காதுல எண்ணெய் விடுவாங்க. பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய். காதுல நாத்தம் வருதுன்னு."

வளையல்காரம்மா கண்ணைத் திறந்தாள். பச்சையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொடாமல், குனிந்து அவளுடைய இடக் காதை முகர்ந்து பார்த்தாள். பச்சை குத்திக்கொள்வதும் அந்தப் பக்கம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் என் வீட்டுக்காரரும் அவளை ஜட்கா வண்டியில் கூட்டிப்போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா விளக்கைப் பிடித்துக் காதுக்குள் பார்த்து, பல வருஷச் சீழ் என்றாள். உள்ளே புண் என்றாள். எண்ணெய் உள்ளே போய்த் தங்கினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், இனி ஒரு சொட்டு விடக் கூடாது என்றாள். கழுவி மருந்து வைத்தாள். மூன்று மாதம் வாராவாரம் போனோம்.

ஆடி வந்தது. யாரும் வடக்கே போகவில்லை. பச்சை தலையைக் குத்திக்கொள்வது நின்றிருந்தது. பாவை ஏன் அறுத்தாள் என்பதற்கும் வளையல்காரம்மா ஒன்று சொன்னாள்.

"புண்ணுக் காதுக்குத் தறிச் சத்தம் எப்படி இருந்திருக்கும். நிறுத்துன்னு சொல்ல வாய் இல்ல. நூலை அறுத்தா தறி நிக்கும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது. நெசவுக்காரன் வீட்டுப் பொண்ணுதானே."

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தறிக்குப் போனார். அன்று வெகுநேரம் நெய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

அத்தை மட்டும் வேறு மாதிரி ஆனாள். "அப்போ என் கையாலதான் அதுக்கு வலி" என்று ஒருமுறை சொன்னாள். வளையல்காரம்மா, "வலிக்கட்டும்னா ஊத்தினே? ஆறட்டும்னு ஊத்தினே" என்றாள்.  அதற்குப் பிறகு வளையல்காரம்மா வந்தால் அத்தை எழுந்து உள்ளே போய்விடுவாள். கைம்பெண், வளையல் இருக்கும் இடத்தில் நிற்கக் கூடாதென்று போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பச்சை அதன் பிறகும் எப்போதாவது கடித்தாள். ஆனால் அதற்கு முன்னால் அவள் உள்ளங்கை வரும். நெஞ்சுக்கு நேராக, விரல்கள் விரிந்து, மெல்ல முன்னால் தள்ளும். அத்தனை வருஷமும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். யாரும் அதை ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டதில்லை. கை வந்தால் நின்றுவிடுங்கள் என்றாள் வளையல்காரம்மா. சோறு போடும்போது கை வந்தால் கரண்டியை நிறுத்தினேன். தலை வாரும்போது வந்தால் சீப்பை வைத்தேன். சில சமயம் கால்வாசி வாரிய தலையோடே நாள் முழுவதும் திரிவாள். ஆனால் நான் நிறுத்திய நாளில் கடிக்கவில்லை.

வளையல்காரம்மாவைப் பற்றித் தெருவில் எல்லோரும் நல்லபடியாகப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருத்தி. அவள் புருஷன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடிப்பான், சில நாள் அவளையும். வளையல்காரம்மா வழக்கம்போல முந்தி இன்னா ஆச்சு என்று கேட்டாள். நெய்த புடவையில் முதலாளி குற்றம் கண்டு திட்டி அனுப்பிய நாட்களில்தான் அது என்று தெரிந்தது.

"அப்போ பாவம்னு பொறுத்துக்கணுமா?" என்றாள் அந்தப் பெண்.

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? காரணம் இருக்கறதால அடி வலிக்காம போயிடுமா? அவன் புடவை கொடுக்கப் போற நாளு உனக்குத் தெரியும் இல்ல. புள்ளைய இடுப்புல வெச்சுக்கினு எங்கூட்டுக்கு வந்துடு. காலையில போலாம்."

அவள் அப்படியே செய்தாள். பெண்டாட்டிகளைக் கெடுக்கிறாள் என்று ஆண்கள் பேசினார்கள். சில வீடுகளில் வளையலுக்குக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

காது ஆறி ஒரு வருஷம் ஆனதும் அத்தை பச்சைக்கு மாப்பிள்ளை பார்த்தாள். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஊர். ஐம்பது வயதுக்காரர், இரண்டு மனைவிகளை இழந்தவர். சமைத்துப் போட ஆள் வேண்டும், பேச வேண்டியதில்லை என்றார். பெண் பார்க்க வந்தவர் பச்சையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பலம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பச்சையின் உள்ளங்கை வந்தது. அவர் விடவில்லை. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். பச்சை கடிக்கவில்லை. கையை அவரிடம் விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது நான்கு மாதம். இந்தக் கல்யாணம் நடந்தால் நல்லது என்று என் மனசின் ஒரு மூலை சொன்னது. குழந்தை பிறக்கும் வீட்டில் கடிக்கிற ஒருத்தி வேண்டாம் என்று அது சொன்னது.

கல்யாண வளையல் போட வளையல்காரம்மா வந்தாள். கூடம் நிறையப் பெண்கள். பச்சையை மணையில் உட்கார்த்தியிருந்தோம். வளையல்காரம்மா கை நீட்டினாள். பச்சையின் உள்ளங்கை வந்தது. வளையல்காரம்மா கையை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நீட்டினாள். மறுபடி வந்தது.

"இதுக்கு முந்தி இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அம்மாயி?"

நான் தலை குனிந்துகொண்டேன்.

பச்சையின் மணிக்கட்டில், உட்பக்கம், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கன்றிய தடம் மஞ்சளாகியிருந்தது. வளையல்காரம்மா அதைப் பார்த்தாள். தொடவில்லை. சிவப்பும் பச்சையுமாக எடுத்து வைத்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கோத்தாள். எல்லோரும் அவள் கோப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இந்தக் கைக்கு நான் போடமாட்டேன்மா. இது வேணாம்னு சொல்லுது."

அவள் தெருவில் இறங்கிப் போகும் ஒலி வெகுதூரம் கேட்டது.

வளையல்காரியே போட மறுத்துப் போன பெண் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போயிற்று. அபசகுனம் என்று விட்டுவிட்டார்கள். அதோடு எங்கள் தெருவில் அவளுக்கு வாசல்கள் மூடின. நாள் நட்சத்திரம் பார்த்து வளையல் போடும் வீட்டில் அவள் கால் வைக்கலாமா என்றார்கள். அப்படியும் ஒரு நாள் வந்தாள். எங்கள் வாசலில்தான், வீடு மாறாமல், சரியாக வந்து நின்றாள். அத்தை உள்ளிருந்து என்னை அனுப்பினாள்.

"வேணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

"சரிம்மா" என்றாள். எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றதால் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள்.

பிறகு வந்த இரண்டு மாதங்களும் அந்த வீட்டில் நான் பார்த்ததிலேயே மோசமானவை. மாறிப்போனது அத்தைதான். பாத்திரங்களை எறிந்தாள். பச்சையை அரிசி வைக்கும் அறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள். அத்தை நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவாள், அதிலும் பாதியை வைத்துவிடுவாள். ஒரு நண்பகலில் நான் பச்சைக்குக் கதவைத் திறந்துவிட்டதற்கு, கையில் இருந்த சொம்பை என்மேல் வீசினாள். அது என் தோளில் பட்டது. எனக்கு ஆறு மாதம் முடிந்து ஏழு பிறந்திருந்தது. வீசிய கையையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காமாட்சியம்மன் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு வளையல்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். ஒற்றை அறை. கூரையில் தொங்கிய மலாரங்களுக்கு நடுவே ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு கதிர் விழுந்து, சுவரெல்லாம் நிறப் புள்ளிகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நான் என்னென்னவோ சொல்லி அழுதேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. அவள் என் தோளில் இருந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"உங்க அத்தை எதுக்குப் பயந்துக்கினு இருக்குது?"

"அத்தையா? அவங்க எதுக்கும் பயப்படமாட்டாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானாகத்தான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அத்தை இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்ட செய்தி வந்த நாள், 'இது யார் கையில போய்ச் சேரும்' என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னது. என் வயிறு பெரிதாகப் பெரிதாக அவள் முகம் இறுகியது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்ததை அவள் என் முகத்தில் என்றைக்கோ படித்துவிட்டாள்.

"தான் செத்தா பச்சைய யாரு வெச்சுப்பாங்கன்னு பயம்" என்றேன்.

"ம்."

"நான் வெச்சுக்கணுமா?"

"அத நான் எப்படிச் சொல்றது? நான் வந்து வந்து போறவ. கூட இருக்கறது நீ." அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "முடியாதுன்னா அது தப்பில்ல அம்மாயி. ஆனா முடியும்னு உங்க அத்தைகிட்ட பொய் சொல்லாத. பொய்யின்னா அதுக்குத் தெரிஞ்சுடும்."

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடம் ஒரு நாள் பேசினேன். அவர் நெய்வதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ சொன்னா சரி. நான் சொல்ல முடியாது. பாக்கறது நீதானே" என்றார். பத்தாம் நாள் காலை அத்தை அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அத்தே, நான் இருக்கற வரைக்கும் பச்சை என்கூட இருக்கட்டும்."

அவள் கை நின்றது.

"கைப்புள்ளைய வெச்சுக்கினு இவளையுமா?"

"ஆமா."

"புள்ளையக் கடிச்சுட்டா?"

"கடிச்சாலும் கடிக்கலாம். எனக்குப் பயமாத்தான் இருக்குது. புள்ளையத் தனியா இவகிட்ட விடமாட்டேன். ஆனா வெளிய அனுப்பமாட்டேன்."

அத்தை கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆய்ந்ததும் ஆயாததும் அவள் மடியில் கலந்துவிட்டன. பிறகு அழுதாள். சத்தமில்லாமல், மூக்கைக்கூடச் சிந்தாமல், கண்ணீர் தானாக வழிய விட்டுக்கொண்டு அழுதாள். பல் தடம் இருந்த அந்தக் கைகளை நான் தொட்டதில்லை. அன்றும் தொடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தேன்.

பச்சை என்னோடு இருபத்தாறு வருஷம் இருந்தாள். இரண்டு முறை நான் கொடுத்த வாக்குக்காக வருந்தியிருக்கிறேன். ஒருமுறை அவள் என் மூத்த மகளின் காதைக் கடித்தபோது. இன்னொரு முறை அவள் கடிக்கவே இல்லை, நான்தான் மூன்று நாள் தூங்காமல் களைத்துப்போய் அவளை அடித்துவிட்டேன். அந்த இரண்டு முறையும் வளையல்காரம்மா ஊரில் இல்லை. என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒரு கோடையில் வருவது நின்றது. திருத்தணிப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அத்தை அழுத அன்றைக்குத் திரும்புகிறேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். வெளுத்த புடவை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டாள். எங்கே என்று சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள். வெயில் ஏறிவிட்டது. நான் சமைத்து வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பச்சையும் என் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள்.

உச்சி சாய்ந்த பிறகு அத்தை வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உன் வளைகாப்புக்கு வெள்ளிக்கிழமை அந்தம்மாவே வருது. தெருவுல யாரு இன்னா சொன்னாலும் சொல்லிக்கினு போறாங்க."

அங்கே இருவரும் என்ன பேசினார்கள், பேசினார்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். பச்சை போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தறிச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"சோறு போடு" என்றாள் அத்தை. "ரெண்டு பேருக்கும் போடு."

போட்டேன். அத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.